ஆறு மணி என்றால் ஆறு மணிதானா?

செப்டம்பர் பிறந்தால் பள்ளிப் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் சைக்கிளுக்குத் திடீர் மரியாதை வந்துவிடும். மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து கிடந்தது வாசலுக்கு வரும். செயினுக்கு எண்ணெய், பிரேக்குக்குப் புதுக் கட்டை, இரண்டு டயருக்கும் கிண்ணென்று காற்று. பஞ்சர் கடை அண்ணன் கேட்பார்: “என்ன தம்பி, அண்ணா ரேஸா?”

அறிஞர் அண்ணா பிறந்த நாளான செப்டம்பர் 15-ஐ ஒட்டி, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் நடத்துகிற மிதிவண்டிப் போட்டியைத்தான் பிள்ளைகள் ‘அண்ணா ரேஸ்’ என்பார்கள். விழுப்புரத்திலும் உண்டு. 13, 15, 17 வயதுக்குட்பட்டோர் என மூன்று பிரிவு. மாணவர், மாணவியருக்குத் தனித்தனி. ஆக மொத்தம் ஆறு போட்டிகள். சின்ன மாணவிகளுக்கு 10 கிலோமீட்டர், சின்ன மாணவர்களுக்கு 15, பெரிய மாணவிகளுக்கு 15, பெரிய மாணவர்களுக்கு 20. சமீப ஆண்டு அறிவிப்புகளின்படி முதல் பரிசு 5,000 ரூபாய், இரண்டாவது 3,000, மூன்றாவது 2,000. நான்கு முதல் பத்தாம் இடம் வரை தலா 250 ரூபாய்.

எனக்கு இந்தப் போட்டியில் ரொம்பப் பிடித்தது ஒரு விதி. இந்தியாவில் தயாரான, சாதாரண கைப்பிடி உள்ள சைக்கிளாக இருக்க வேண்டும். கியர் சைக்கிள் கூடாது. முப்பதாயிரம் ரூபாய் சைக்கிள் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளையும், பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுத்த இலவச சைக்கிளை ஓட்டுகிற பிள்ளையும் ஒரே கோட்டில் நிற்கலாம். ஏழை வீட்டுப் பிள்ளை பைசா செலவில்லாமல் கலந்துகொள்ளக்கூடிய விளையாட்டு வேறு எத்தனை இருக்கிறது, சொல்லுங்கள்?

அந்தக் கோட்டில் எவ்வளவு நேரம் நிற்பது என்பதுதான் இந்த வாரம் நாம் பேசப்போவது. ஓட்டப் பந்தயமோ, சைக்கிள் போட்டியோ, ஹெல்மெட் விழிப்புணர்வுப் பேரணியோ, யார் நடத்தினாலும் சரி. காலையில் கூட்டமாகப் பிள்ளைகளை வரச் சொல்கிற எந்த நிகழ்ச்சிக்கும் போய்ப் பாருங்கள். அறிவிப்பில் ஒரு மணி இருக்கும், கொடி அசைவது இன்னொரு மணியாக இருக்கும்.

“மேல்மருவத்தூர் தாண்டிட்டாராம்!”

திண்டிவனத்தில் இருக்கும் என் தங்கை மகன் எட்டாவது படிக்கிறான். போன வருஷம் விழுப்புரம் பக்கம் ஒரு சைக்கிள் பேரணிக்குப் பெயர் கொடுத்திருந்தான். நடத்தியவர்கள் யார் என்பது இங்கே வேண்டாம். அவர்கள் மட்டும்தான் இப்படி என்றால் நான் இதை எழுதவே வேண்டியிருந்திருக்காது. அப்போது தங்கை வீட்டில் இருந்ததால் நானும் துணைக்குப் போனேன்.

காலை 6.30 மணிக்குத் தொடக்கம் என்று வாட்ஸ்ஆப்பில் தகவல். நாலரைக்கு மூன்று இட்லி சாப்பிட்டுவிட்டு, சைக்கிளைக் குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். அந்த வண்டியில் எங்கள் தெருவிலிருந்து இன்னும் நான்கு சைக்கிள்கள். போய்ச் சேர்ந்தபோது ஆறு மணி. செஞ்சியிலிருந்தும் மரக்காணத்திலிருந்தும் வந்தவர்கள் எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தார்கள். மரக்காணத்திலிருந்து திண்டிவனம் வழியாக விழுப்புரம் வர ஏறக்குறைய 70 கிலோமீட்டர். அந்தப் பிள்ளைகள் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆறரை ஆனது. ஏழு ஆனது. ஒரு அப்பா மெதுவாக பி.டி. வாத்தியாரிடம் போனார்.

“சார், எப்ப சார் விடுவீங்க?”

“இதோ சார், வந்துக்கிட்டே இருக்காரு. மேல்மருவத்தூர் தாண்டிட்டாராம்.”

சிறப்பு விருந்தினர் சென்னையிலிருந்து வருகிறார் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. மேல்மருவத்தூரிலிருந்து விழுப்புரம் இன்னும் ஒரு மணி நேரப் பயணம் என்று ஜி.எஸ்.டி. சாலையில் பஸ் ஏறிய எவருக்கும் தெரியும். அரை மணி கழித்து “திண்டிவனம் வந்துட்டாரு” என்றார்கள். “நம்ம ஊரைத் தாண்டுறாரு பெரியம்மா. நம்ம வீட்டுக்கு ஒரு எட்டு போய் காபி குடிச்சிட்டு வரச் சொல்லலாமா?” என்றான் தங்கை மகன். அதற்கு அடுத்த அறிவிப்பு, “விக்கிரவாண்டி டோல்கேட்.” பிள்ளைகள் அதற்குள் இதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிவிட்டார்கள். மைக் கரகரத்தால் போதும், அடுத்த ஊர்ப் பெயரைக் கூட்டமாகக் கத்தினார்கள்.

கொடி அசைந்தபோது மணி 8.20.

வாத்தியாரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை, அவரும் நாலு மணிக்கு எழுந்து வந்தவர்தான். மேலே கேட்க முடியாது, கீழே பதில் சொல்ல முடியாது. நடுவில் மாட்டிக்கொண்ட மனிதர்.

ஒன்றே முக்கால் மணி நேரம்தானே?

அப்படித்தான் பலரும் சொல்கிறார்கள். கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்து காத்திருப்பதும், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்பதும் ஒன்றல்ல.

முதலில் வயிறு. நாலரைக்குச் சாப்பிட்ட மூன்று இட்லி, ஆறரைக்கு ஓட்டுவதற்குச் சரியாக இருந்திருக்கும். எட்டரைக்கு ஓட்டத் தொடங்கும்போது அது கரைந்து போயிருக்கும். நடுவில் ஏதாவது சாப்பிடலாம் என்றால், “இதோ இப்ப விட்டுடுவாங்க” என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மைக்கில் சொல்கிறார்கள். எந்த அம்மா தைரியமாக ஒரு பொட்டலத்தைப் பிரிப்பார்?

அடுத்தது தண்ணீர். பெண் குழந்தைகளுக்கு இதில் ஒரு கொடுமை சேர்ந்துகொள்கிறது. சாலையோரம் தொடங்கும் பேரணி என்றால் பக்கத்தில் கழிப்பறை இருக்காது. இருந்தாலும் பூட்டியிருக்கும். அதனால் அவர்கள் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். இரண்டு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் நின்றுவிட்டு, அப்புறம் வெயிலில் 15 கிலோமீட்டர் மிதிக்க வேண்டும். பாதி வழியில் ஒரு பெண் தலை சுற்றி உட்கார்ந்தால் “சாப்பிடாம வந்திருப்பா” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம்.

அப்புறம் கால்கள். போட்டிக்கு முன் பிள்ளைகள் கொஞ்ச தூரம் ஓட்டி, குனிந்து நிமிர்ந்து உடம்பைச் சூடாக்கிக்கொள்வார்கள். கால் மணி, அரை மணி நேரம் சும்மா நின்றால் அந்தப் பலன் போய்விடும். தசை மறுபடி இறுகிவிடும். விறைத்த காலோடு முதல் நிமிடத்திலேயே முட்டி மோதிக்கொண்டு பாய்ந்தால் பிடிப்பு வரும், விழுந்தால் அடியும் படும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் சாலை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு விழுப்புரம் சாலை ஒரு மாதிரி, எட்டரைக்கு வேறு மாதிரி. டவுன் பஸ், ஷேர் ஆட்டோ, மார்க்கெட்டுக்கு வரும் காய்கறி வண்டி எல்லாம் அதற்குள் இறங்கிவிடும். ஆறரைக்கு ஒரு மணி நேரம் போக்குவரத்தை நிறுத்த ஒப்புக்கொண்ட போலீஸ்காரர், எட்டரைக்கு அதே சாலையை எப்படி நிறுத்துவார்? பாதியைத் திறந்துவிடுவார். பிள்ளைகள் பஸ்ஸுக்குப் பக்கத்தில் ஓட்டுவார்கள். தாமதம் பாதுகாப்புப் பிரச்சினையாக மாறும் இடம் இதுதான்.

கடைசியில் நிற்பது யார்?

ஆறு பிரிவுகள் உள்ள ஒரு போட்டியைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். பிரிவுக்குக் கால் மணி இடைவெளி. முதல் கொடி 6.30 என்றால், ஆறாவது பிரிவு 7.45-க்குக் கிளம்பும். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் 15 கிலோமீட்டரை முடிக்க 50 நிமிடம். 8.35-க்கு எல்லாம் முடிந்து, வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுச் சாப்பிடலாம்.

முதல் கொடி 8.20-க்கு அசைந்தால்? ஆறாவது பிரிவு கிளம்புவதே 9.35. முடிப்பது 10.25. செப்டம்பரில் வடகிழக்குப் பருவமழை இன்னும் வந்திருக்காது. நம் பக்கம் பகல் வெயில் 35 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கிற மாதம். பத்து மணி வெயிலில் தார்ச் சாலை எப்படிக் காந்தும் என்று சொல்ல வேண்டியதில்லை.

விருந்தினருக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை. அவர் முதல் கொடியை அசைத்து, போட்டோ எடுத்துக்கொண்டு ஏசி காரில் ஏறிவிடுவார். அவருடைய தாமதத்தை முழுசாகச் சுமப்பது, வரிசையில் கடைசியாக நிற்கிற பிள்ளை. அது பெரும்பாலும் யாருக்கும் தெரியாத ஊரிலிருந்து வந்த யாருக்கும் தெரியாத பிள்ளையாகத்தான் இருக்கும்.

சில காத்திருப்புகள் நியாயமானவை

எல்லாத் தாமதமும் குற்றமில்லை. ஆம்புலன்ஸ் வரவில்லையா? காத்திருக்கத்தான் வேண்டும். சாலையில் லாரி நிற்கிறதா, திருப்பத்தில் நிற்க வேண்டிய காவலர் வந்து சேரவில்லையா? கொடியை அசைக்கவே கூடாது. வயதுச் சான்றிதழைச் சரிபார்க்க நேரமாகிறதா? அதுவும் நியாயம்தான். பதின்மூன்று வயதுப் பிரிவில் மீசை அரும்பியவன் ஓட்டினால் மற்றப் பிள்ளைகளுக்கு அநியாயம்.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் 1978 முதல் நடக்கும் மாபெரும் சைக்கிள் நிகழ்வு ஒன்று உண்டு. 109 கிலோமீட்டர் தூரம், பல்லாயிரக்கணக்கானோர் ஓட்டுவார்கள். 2017 மார்ச் 12 அன்று காலை சைக்கிளையே பறக்கவிடும் அளவுக்குக் காற்று. முதல் குழுக்கள் கிளம்பிய பிறகும்கூட, ‘இது ஆபத்து’ என்று நிகழ்ச்சியையே ரத்து செய்துவிட்டார்கள். எங்கெங்கிருந்தோ செலவு செய்து வந்தவர்களுக்கு வருத்தம்தான். ஆனால் காரணம் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. ஓட்டுபவரின் உயிருக்காக எடுத்த முடிவு என்று புரிந்தது.

ஆக, காத்திருப்பில் இரண்டு வகை. ஓட்டுபவருக்காகக் காத்திருப்பது ஒன்று, மேடைக்காகக் காத்திருப்பது இன்னொன்று. முதல் வகைக்கு எந்தப் பிள்ளையும் முகம் சுளிக்காது. என்ன காரணம், எவ்வளவு நேரம் என்று மைக்கில் நேர்மையாகச் சொன்னால் போதும்.

ஆறாயிரம் பேரை எப்படிக் கிளப்புகிறார்கள்?

கூட்டம் பெரிதானால் தாமதம் சகஜம் என்பார்கள். பிரான்ஸில் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் என்று ஒரு நெடுந்தூர சைக்கிள் பயணம் இருக்கிறது. 1891-ல் தொடங்கியது. 1,200 கிலோமீட்டர், அதிகபட்சம் 90 மணி நேரம். 2023 ஆகஸ்டில் நடந்தபோது ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள். இந்தியாவிலிருந்தும் நூற்றுக்கணக்கில் போகிறார்கள். இதற்குத் தகுதி பெற அதே வருஷம் 200, 300, 400, 600 கிலோமீட்டர் பயணங்களை நேரக் கெடுவுக்குள் முடித்திருக்க வேண்டும்.

ஆறாயிரம் பேரையும் ஒரே கொடியில் விடுவதில்லை. சில நூறு பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, கால் மணிக்கு ஒரு குழுவாக அனுப்புகிறார்கள். உங்கள் குழு எப்போது கிளம்புகிறதோ, அப்போதிலிருந்துதான் உங்கள் கடிகாரம் ஓடும். ஸ்வீடனில் வேட்டர்ன் ஏரியைச் சுற்றி நடக்கும் 315 கிலோமீட்டர் பயணத்திலும் இதே முறைதான். இரவெல்லாம் சில நிமிடங்களுக்கு ஒரு குழுவாகக் கிளம்பிக்கொண்டே இருப்பார்கள். தன் நேரம் இதுதான் என்று முன்கூட்டியே தெரிவதால் யாரும் முந்தின இரண்டு மணி நேரம் வந்து நிற்க வேண்டியதில்லை.

இது நமக்கு அந்நியமான வித்தையும் இல்லை. விழுப்புரம் ஜங்ஷனில் சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என்று ஐந்து திசைக்குப் பாதை பிரிகிறது. எல்லா ரயிலும் ஒன்றாகக் கிளம்ப வேண்டும் என்று யாராவது நினைத்தால் என்ன ஆகும்? அட்டவணை போட்டு ஒவ்வொன்றாக அனுப்புவதை நூற்றாண்டுக்கும் மேலாகப் பார்த்துக்கொண்டிருக்கிற ஊர்க்காரர்கள் நாம்.

அவ்வளவு ஏன், நம் வீட்டுக் கல்யாணத்தைப் பாருங்கள். ஆறிலிருந்து ஏழரை முகூர்த்தம் என்றால், எந்தப் பெரிய மனிதர் வரவில்லை என்றாலும் அதற்குள் தாலி ஏறிவிடும். வர முடியாதவர் வரவேற்புக்கு வருவார், மொய் எழுதுவார், போட்டோ எடுப்பார். ஒருவருக்கும் மரியாதைக் குறைவில்லை. நேரத்தை மதிக்கத் தெரியாதவர்கள் இல்லை நாம். பிள்ளைகளின் நேரம் என்றால் மட்டும் கொஞ்சம் இளக்காரம்.

விருந்தினரைக் கடைசியில் அழையுங்கள்

நடத்துகிறவர்களுக்குச் சில யோசனைகள். ஒன்றுக்கும் பெரிய செலவில்லை.

* சிறப்பு விருந்தினரைப் பரிசளிப்புக்கு அழையுங்கள். வியர்வையோடு நிற்கும் பிள்ளையின் கழுத்தில் பதக்கம் போடும் படம், கொடியசைக்கும் படத்தைவிட நன்றாகவே இருக்கும். அவர் அரை மணி தாமதமாக வந்தாலும் பிள்ளைகள் நிழலில் உட்கார்ந்து டிபன் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.
* கொடியை உள்ளூர் ஆள் ஒருவர் அசைக்கட்டும். போன வருஷம் ஜெயித்த மாணவியோ, ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியாரோ. அவர்கள் சொன்ன நேரத்துக்கு வந்துவிடுவார்கள்.
* வயதுச் சான்று, வங்கிப் புத்தக நகல் சரிபார்ப்பதையும் நம்பர் கொடுப்பதையும் முந்தின நாளே பள்ளிகள் வழியாக முடித்துவிடுங்கள்.
* பிரிவுவாரியாக வரவேண்டிய நேரத்தைத் தனித்தனியாக அறிவியுங்கள். 7.45-க்குக் கிளம்புகிற பிள்ளையை ஆறு மணிக்கே வரச் சொல்ல வேண்டியதில்லை.
* தாமதம் தவிர்க்க முடியாதென்றால், ‘இதோ, இதோ’ என்று இழுக்காமல் ‘நாற்பது நிமிடம் ஆகும்’ என்று சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் உட்காருவார்கள், சாப்பிடுவார்கள், கழிப்பறைக்குப் போய்வருவார்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பையில் இரண்டு வாழைப்பழம், நாலு கடலை மிட்டாய், உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் ஒரு பாட்டில், ஒரு குடை எப்போதும் இருக்கட்டும். அரை மணிக்கு மேல் தாமதமானால் தயங்காமல் பாதிப் பழம் கொடுங்கள், அது ஓட்டத்தைக் கெடுக்காது. கிளம்பும் முன் ஐந்து நிமிடம் மறுபடி ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தலை சுற்றல், குமட்டல், குளிர்கிற மாதிரி உணர்வு எது வந்தாலும் உடனே இறங்கி நிழலுக்குப் போக வேண்டும் என்று முதல் நாளே சொல்லி வையுங்கள். பரிசு அடுத்த வருஷமும் இருக்கும்.

காத்திருக்க வைக்காத வண்டி

நம் தமிழ்நாட்டில் சைக்கிளுக்கு ஒரு பெரிய வரலாறு உண்டு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு முழு ஆதரவு கொடுத்தார். பொது இடங்களில் நடந்த சைக்கிள் நிகழ்ச்சிகளில் எழுபதாயிரத்துக்கும் அதிகமான பெண்கள் ஓட்டிக் காட்டினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். விவசாயக் கூலிகள், கல் குவாரித் தொழிலாளர்கள், கிராமச் செவிலியர்கள் எல்லோரும் ஓட்டினார்கள்.

அவர்களுக்கு சைக்கிள் கொடுத்த பெரிய லாபம் என்ன தெரியுமா? நேரம். எப்போது வரும் என்று தெரியாத பஸ்ஸுக்காக ரோட்டில் நிற்க வேண்டியதில்லை. கொண்டுபோய் விட அப்பாவோ அண்ணனோ வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. நினைத்த நேரத்தில் ஏறி மிதித்துவிடலாம். அரசு ஒவ்வொரு வருஷமும் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு சைக்கிள் கொடுப்பதும் அதற்காகத்தான்.

யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம் என்று கொடுத்த வண்டியைப் பிடித்துக்கொண்டு, ஒருவருக்காக இரண்டு மணி நேரம் நில்லுங்கள் என்று அதே பிள்ளைகளிடம் சொல்கிறோம்.

போன வாரம் தங்கை மகனிடம் போனில் கேட்டேன், “இந்த வருஷம் அண்ணா ரேஸுக்குப் பெயர் கொடுத்துட்டியாடா?” என்று. “கொடுத்துட்டேன் பெரியம்மா. ஆனா போன வருஷம் நம்ம வண்டியில வந்தாங்கல்ல, அதுல ரெண்டு பேர் வரலயாம். வெயில்ல யாரு நிக்கறதுன்னு கேக்கறாங்க” என்றான்.

பேரணியில் பட்டது, ரேஸ் பெயரைக் கேட்டாலும் ஞாபகம் வருகிறது. பத்துப் பேரில் இரண்டு பேர் இப்படிக் கழன்றுகொண்டால், அதில் ஒருவர் மாவட்டத்தின் நல்ல சைக்கிள் வீராங்கனையாக வந்திருக்கக்கூடும். அது யார் என்பது நமக்குத் தெரியாமலே போய்விடும்.

உங்கள் ஊரில் இப்படியொரு நிகழ்ச்சிக்கு அழைப்பிதழ் தயாராகிக்கொண்டிருந்தால், அச்சுக்குப் போவதற்கு முன் ஒரு வரியை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். சிறப்பு விருந்தினர் பெயருக்கு எதிரே ‘கொடியசைத்துத் தொடங்கி வைப்பவர்’ என்று இருப்பதை ‘பரிசு வழங்குபவர்’ என்று ஆக்கினால் போதும். அவரும் சந்தோஷமாகத்தான் ஒப்புக்கொள்வார். காலை ஐந்து மணிக்குக் காரில் ஏற அவருக்கு மட்டும் ஆசையா என்ன?

அடுத்த வாரம் சந்திப்போம்.